கேளாச் செவியும் பேசும் கம்பியும்

நுழையும்முன்

கருவியைக் கையாள்வோர் பலர். அது யாருடைய கனவில் பிறந்தது என்பதை அறிந்தோர் சிலர். தொலைவில் இருப்பவரின் குரலை அருகில் கொணர்ந்த தொலைபேசி, குரலைக் கேட்க இயலாதவர்களுக்காக உழைத்த ஓர் ஆசிரியரின் முயற்சியில் உருவானது. அவருடைய அன்னைக்கும் மனைவிக்கும் அக்கருவியால் பயனில்லை என்பது அவர் வாழ்வின் முரண். அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் வாழ்வை அவருடைய கனடா மண்ணின் வழியாக அறிவோம்.

ஒரு நிமிட அமைதி

1922ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் மாலை. கனடா நாட்டின் கிழக்கு ஓரத்தில் உள்ள நோவா ஸ்கோசியா மாநிலத்தில், பேடெக் என்னும் சிற்றூருக்கு அருகில் இருந்த மலையொன்றில் ஒரு முதியவரின் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அந்நேரத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொலைபேசிகள் ஒரு நிமிடம் ஓய்ந்தன. இணைப்பகங்களில் அழைப்புகள் நின்றன, மணிகள் ஒலிக்கவில்லை, கம்பிகளில் குரல்கள் ஓடவில்லை. அக்கருவியை உலகுக்கு அளித்தவருக்கு அது செலுத்திய வணக்கம் அந்த மௌனம்.

மௌனம் அவருக்குப் புதியதன்று. அவர் வாழ்நாள் முழுவதும் மௌனத்தின் அருகிலேயே இருந்தவர். அவருடைய தாய் செவித்திறன் இழந்தவர், மனைவியும் அவ்வாறே. அவரிடம் பயின்ற மாணவர்களுள் பெரும்பாலோர் ஒலியை அறியாதவர்கள். தம்மை யாரேனும் இன்னார் என்று குறிப்பிட வேண்டுமெனில், கண்டுபிடிப்பாளர் என்பதைவிடக் காதுகேளாதோரின் ஆசிரியர் என்று குறிப்பிடுவதையே அவர் பெரிதும் விரும்பினார். அவரே அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

குரலோடு வாழ்ந்த குடும்பம்

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தை அலெக்சாண்டர் மெல்வில் பெல், பேச்சுக்கலை பயிற்றுவிக்கும் ஆசிரியர். மனிதர் ஓர் ஒலியை எழுப்பும்போது நாவும் இதழும் தொண்டையும் எந்நிலையில் இருக்கின்றன என்பதை வரிவடிவக் குறிகளால் காட்டும் முறை ஒன்றை அவர் உருவாக்கினார். அம்முறை, காணும் பேச்சு எனப் பொருள்படும் பெயரால் வழங்கியது. தாம் கேட்டறியாத மொழியின் சொல்லையும் அக்குறிகளைப் பார்த்து ஒருவர் ஒலிக்க இயலும். நம் இலக்கண நூலார் எழுத்துகளின் பிறப்பிடத்தையும் முயற்சியையும் வகுத்துரைத்ததை நினைவூட்டும் முயற்சி அது.

தாய் எலைசா ஓவியத்திலும் பியானோ இசையிலும் தேர்ந்தவர். நாள்கள் செல்லச் செல்ல அவருடைய செவித்திறன் குறைந்தது. பிறர் அவருடைய செவிக்குழலில் உரத்துப் பேசினர். இளைய பெல்லோ தாயின் நெற்றிக்கு அருகில் வாய்வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார். அந்த அதிர்வைத் தாய் உணர்ந்துகொள்வார். வீட்டில் பலர் கூடிப் பேசும்போது, தாயின் அருகில் அமர்ந்து, விரல்களால் எழுத்துகளைக் குறித்து, அங்கு நிகழும் உரையாடலை உடனுக்குடன் தெரிவிப்பதும் அவர் வழக்கம். ஒலி என்பது காதுக்கு மட்டும் உரியதன்று, அது அதிர்வு, அதனை வேறு வழிகளிலும் கடத்தலாம் என்னும் பாடத்தை அவர் பள்ளியில் கற்கவில்லை, தாயின் அருகில் கற்றார்.

பன்னிரண்டாம் அகவையில், நண்பனின் வீட்டார் நடத்திய மாவு ஆலைக்குக் கோதுமையின் உமியை நீக்கும் பொறி ஒன்றை அவர் அமைத்துக் கொடுத்தார். பின்னர், அண்ணன் மெல்வில்லுடன் சேர்ந்து மனிதத் தலையைப் போன்ற பேசும் பொறி ஒன்றைச் செய்தார். துருத்தியால் காற்றைச் செலுத்தியபோது அப்பொறி குழந்தையைப் போல ஒலி எழுப்பியது. பதினாறாம் அகவையிலேயே எல்ஜின் என்னும் ஊரில் இருந்த பள்ளியில் இசையும் பேச்சுக்கலையும் கற்பிக்கும் பணியில் சேர்ந்தார். 1868ஆம் ஆண்டில் இலண்டனில் காதுகேளாக் குழந்தைகளுக்குத் தந்தையின் முறையைப் பயன்படுத்திப் பேசக் கற்றுக்கொடுத்தார். தம் வாழ்வின் திசையை அக்குழந்தைகளிடமே அவர் கண்டார்.

இழப்பும் இடப்பெயர்வும்

அக்காலத்தில் காசநோய்க்கு மருந்தில்லை. 1867இல் தம்பி எட்வர்டு அந்நோய்க்கு இரையானார். 1870இல் அண்ணன் மெல்வில்லும் அதே நோயால் மறைந்தார். மூன்று பிள்ளைகளுள் எஞ்சியவர் அலெக்சாண்டர் ஒருவரே. அவருடைய உடல்நிலையும் நலிந்திருந்தது. இருக்கும் ஒரு மகனையும் இழந்துவிடக் கூடாது என்று பெற்றோர் அஞ்சினர். புகழும் வருவாயும் தந்த இலண்டன் வாழ்வைத் துறந்து, தூய காற்றை நாடிக் கனடாவுக்குக் கப்பலேறினர். 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கியூபெக் துறைமுகத்தில் இறங்கிய அக்குடும்பம், குடும்ப நண்பரான தாமஸ் ஹெண்டர்சன் என்னும் சமயப் போதகரின் வழிகாட்டுதலால் ஒன்டாரியோ மாநிலத்தின் பிராண்ட்ஃபோர்டு நகருக்கு அருகில் பத்தரை ஏக்கர் நிலமும் வீடும் வாங்கிக் குடியேறியது.

டுட்டெலா மேடு என்னும் அவ்விடம் கிராண்ட் ஆற்றின் கரையில் அமைந்தது. ஆற்றை நோக்கிச் சரியும் கரையில் மரங்கள் சூழ்ந்த ஒரு பள்ளம் இருந்தது. இளைஞர் பெல் அங்கு நூல்களோடு சென்று படுத்திருப்பார், ஆற்றைப் பார்ப்பார், சிந்திப்பார். அவ்விடத்தைத் தம் கனவிடம் என்றே அவர் குறிப்பிட்டார். சாவின் விளிம்பில் இருப்பதாக அஞ்சப்பட்ட அவர், சில திங்களில் உடல்நலம் தேறினார். அருகில் வாழ்ந்த மோகாக் பழங்குடியினருடன் பழகி, அவர்களுடைய சொற்களைத் தந்தையின் குறிமுறையில் எழுதினார். அப்பணியைப் பாராட்டி அம்மக்கள் அவருக்குத் தலைவர் என்னும் மதிப்பை வழங்கினர்.

ஆசிரியர் தேடிய கருவி

1871இல் பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்று, காதுகேளாதோர் பள்ளியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1873இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் குரல் உடலியல் பேராசிரியரானார். பகலில் கற்பித்தலும் இரவில் ஆய்வுமாக அவருடைய நாள்கள் கழிந்தன. ஒரே கம்பியில் பல தந்திச் செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்பும் முறையைக் கண்டறிவது அவருடைய முதல் நோக்கம். வெவ்வேறு சுருதியில் அதிரும் எஃகுத் தகடுகளால் அதனைச் செய்யலாம் என்று கருதினார். அவரிடம் பயின்ற காதுகேளாச் சிறுவன் ஒருவனின் தந்தையான தாமஸ் சாண்டர்சும், மாணவி மேபலின் தந்தையான கார்டினர் ஹப்பர்டும் அவ்வாய்வுக்குப் பொருளுதவி செய்தனர்.

ஒவ்வொரு கோடையிலும் அவர் பிராண்ட்ஃபோர்டு இல்லத்துக்குத் திரும்புவார். 1874ஆம் ஆண்டுக் கோடையில் அவர் வியப்பான ஒரு கருவியைத் தம்முடன் கொண்டுவந்தார். மருத்துவ நண்பர் ஒருவரின் உதவியால் பெற்ற, இறந்த மனிதர் ஒருவரின் செவியுறுப்பு அக்கருவியில் பொருத்தப்பட்டிருந்தது. செவிப்பறையோடு இணைந்த சிற்றெலும்பில் மெல்லிய வைக்கோல் துரும்பு ஒன்றை ஒட்டினார். செவியினுள் பேசியபோது செவிப்பறை அதிர்ந்தது, எலும்பு அசைந்தது, துரும்பின் நுனி, புகைபடிந்த கண்ணாடியில் அலைகோடுகளை வரைந்தது. தம் மாணவர்கள் தங்கள் குரலின் வடிவத்தைக் கண்ணால் கண்டு பேச்சைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அக்கண்ணாடிக் கோடுகளைக் கண்டவருக்கு வேறொரு சிந்தனை பிறந்தது. காகிதம்போல் மெல்லிய சவ்வு, தன்னைவிடக் கனமான எலும்புகளை அசைக்கிறது. அவ்வாறெனில், சற்றுப் பெரிய சவ்வு ஓர் இரும்புத் துண்டை அசைக்காதா? அந்த இரும்பு, காந்தத்தின் முன் அசைந்தால் கம்பியில் மின்னோட்டம் கூடிக் குறையாதா? காற்றில் ஒலியலை எவ்வாறு ஏறி இறங்குகிறதோ அவ்வாறே மின்னோட்டமும் ஏறி இறங்கினால், மறுமுனையில் உள்ள சவ்வு அதே குரலை மீண்டும் எழுப்பாதா? தந்திக் கருவி மின்னோட்டத்தை விட்டுவிட்டு அனுப்பியது. பேச்சுக்கோ இடையறாத அலை வேண்டும். தொலைபேசியின் அடிப்படை இதுவே. 1874 ஜூலைத் திங்களில் கிராண்ட் ஆற்றங்கரை வீட்டில் இக்கருத்தைத் தம் தந்தையிடம் அவர் விளக்கினார்.

கம்பி பேசியது

கருத்துத் தெளிந்தது, கருவி அமையவில்லை. மின்னியலில் ஆழ்ந்த பயிற்சி தமக்கு இல்லையே என்ற கவலை பெல்லுக்கு இருந்தது. கைத்திறன் மிக்க இளைஞரான தாமஸ் வாட்சன் அவருக்குத் துணையானார்.

1875ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள். பாஸ்டனில் இரு அறைகளில் தந்திக்கான தகடுகளைச் சோதித்துக்கொண்டிருந்தனர். வாட்சனின் அறையில் ஒரு தகடு ஒட்டிக்கொண்டது. அதனை விடுவிக்க அவர் விரலால் மீட்டினார். அடுத்த அறையில் தகட்டில் காதுவைத்திருந்த பெல், அந்த மீட்டலின் முழு நாதத்தையும் கேட்டார். விட்டுவிட்டு வரும் துடிப்பன்று. இசைக்கருவியின் நரம்பு எழுப்புவதுபோல் தொடர்ந்த ஒலி. ஒரு சாதாரணக் கோளாறு அது. காதைப் பயிற்றிய ஆசிரியருக்கோ அதன் பொருள் உடனே விளங்கியது. அன்று தொடங்கி அவர்கள் குரலைக் கடத்தும் கருவியையே நாடி உழைத்தனர்.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் காப்புரிமைக்கான விண்ணப்பம் வாஷிங்டன் நகரில் அளிக்கப்பட்டது. அதே நாளில் எலிஷா கிரே என்னும் மற்றோர் அறிஞரும் குரலைக் கடத்தும் கருவி பற்றிய தம் முன்னறிவிப்பை அதே அலுவலகத்தில் அளித்தார். மார்ச்சு 7ஆம் நாள் பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்தது. மூன்று நாள் கழித்து, மார்ச்சு 10ஆம் நாள், அமிலம் கலந்த நீரைப் பயன்படுத்திய கருவியின் முன் நின்று பெல் வாட்சனைத் தம்மிடம் வருமாறு அழைத்தார். அடுத்த அறையில் இருந்த வாட்சன், அச்சொற்களைக் கம்பியின் வழியே தெளிவாகக் கேட்டு ஓடிவந்தார்.

அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் பிலடெல்பியா நகரின் பெருங்கண்காட்சியில் கருவி நடுவர்களின் பார்வைக்கு வந்தது. முன்னர்ப் பாஸ்டனில் காதுகேளாதோர் பள்ளியைப் பார்வையிட்டபோது பெல்லை அறிந்திருந்த பிரேசில் நாட்டுப் பேரரசர் இரண்டாம் பெட்ரோ, கூட்டத்தில் அவரை அடையாளம் கண்டுகொண்டார். பேரரசரும் அறிவியலறிஞர் வில்லியம் தாம்சனும் கருவியில் காதுவைத்துக் கேட்டு வியந்தனர். ஆசிரியப்பணியில் கிடைத்த அறிமுகமே கண்டுபிடிப்புக்கும் கைகொடுத்தது.

பிராண்ட்ஃபோர்டின் கோடை

ஒரே கட்டடத்துக்குள் பேசிய கருவி, ஊர்விட்டு ஊர் பேசுமா? இவ்வினாவுக்கான விடையைப் பெல் கனடாவிலேயே தேடினார். 1876 ஆகஸ்டில் பெற்றோர் இல்லத்துக்கு வந்த அவர், தந்திக் கம்பிகளைப் பயன்படுத்த இசைவு பெற்றார். ஆகஸ்டு 3ஆம் நாள் மவுண்ட் பிளசன்ட் என்னும் ஊரின் தந்தி அலுவலகத்தில் அமர்ந்து, ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்கு அப்பால் பிராண்ட்ஃபோர்டிலிருந்து வந்த குரலைக் கேட்டார். மறுநாள் மாலை, நகரிலிருந்து டுட்டெலா மேட்டு இல்லம்வரை வேலிகளில் கட்டி இழுத்த கம்பியின் வழியே வந்த பேச்சையும் பாட்டையும் விருந்தினர் கேட்டு மகிழ்ந்தனர்.

ஆகஸ்டு 10ஆம் நாள் நடந்ததே பெரிய சோதனை. பெல், 13 கிலோமீட்டர் தொலைவில் இருந்த பாரிஸ் என்னும் கனடாச் சிற்றூருக்குச் சென்றார். மின்கலம் டொரண்டோ நகரில் வைக்கப்பட்டிருந்ததால் மின்னோட்டம் அதனினும் நெடுந்தொலைவு பயணம் செய்யவேண்டியிருந்தது. முதலில் இரைச்சலே கேட்டது. கம்பிச்சுருளை மாற்றுமாறு தந்தி வழியே செய்தி அனுப்பினார். பின்னர்க் குரல்கள் தெளிந்தன. அவற்றுள் தம் தந்தையின் குரலையும் பெல் அடையாளம் கண்டார். பேச்சு அன்று ஒருவழியே சென்றது. மறுமொழி தந்தியில்தான் திரும்பியது. எனினும், ஊருக்கும் ஊருக்கும் இடையே மனிதக்குரல் சென்றுவிட்டது. உலகின் முதல் நெடுந்தொலைவு அழைப்பு எனக் கனடா மக்கள் இதனைப் போற்றுகின்றனர்.

உரிமையும் உடைமையும்

1877ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் பெல், மேபல் ஹப்பர்டை மணந்தார். ஐந்தாம் அகவையில் செங்காய்ச்சலால் செவித்திறனை இழந்த மேபல், பிறர் இதழசைவைக் கண்டே பேச்சை உணர்பவர். திருமணப் பரிசாகத் தொலைபேசி நிறுவனத்தில் தமக்கு இருந்த பங்குகளுள் பத்தினை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனைய அனைத்தையும் மனைவிக்கே பெல் அளித்தார். தொலைபேசியில் ஒரு சொல்லையும் கேட்க இயலாத ஒருவர், அதன் பெரும்பங்குக்கு உரிமையாளரானார்.

கனடாவுக்கான காப்புரிமையில் நான்கில் மூன்று பங்கைப் பெல் தம் தந்தைக்கு வழங்கினார். அதனால் அந்நாட்டின் தொலைபேசித் தொழில் ஒரு குடும்பத்தின் முயற்சியாகவே தொடங்கியது. தந்தை மெல்வில் பெல்லும் போதகர் ஹெண்டர்சனும் வாடகைக்குக் கருவிகளை வழங்கினர். 1878இல் ஹாமில்டன் நகரில் தொலைபேசி இணைப்பகம் அமைந்தது. பிரித்தானியப் பேரரசில் அதுவே முதலாவது. பிராண்ட்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கவ்ஹர்டு என்னும் இளைஞர், கனடாவின் முதல் தொலைபேசித் தொழிற்சாலையை நடத்தினார். 1881இல் இளம் அகவையில் அவர் மறையும் முன் ஏறத்தாழ 2,400 கருவிகள் அங்கு உருவாயின. 1880இல் கனடா பெல் தொலைபேசி நிறுவனம் சட்டத்தின் வழியே அமைக்கப்பட்டது.

வழக்குகளும் தொடர்ந்தன. பெல்லின் காப்புரிமையை எதிர்த்து நூற்றுக்கணக்கான வழக்குகள் எழுந்தன. ஒரே நாளில் விண்ணப்பித்த கிரேயின் உரிமை பற்றிய ஐயம் பல்லாண்டுகள் பேசப்பட்டது. இத்தாலியிலிருந்து குடியேறிய அன்டோனியோ மெயூச்சி 1871இலேயே முன்னறிவிப்பு அளித்திருந்தும், வறுமையால் அதனைப் புதுப்பிக்க இயலாமல் போனது. 1888இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் பெல்லின் காப்புரிமை செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனினும், ஒரு கண்டுபிடிப்பின் பின்னால் பலருடைய உழைப்பும் சிலருடைய ஏமாற்றமும் உள்ளன என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

நிறையும் குறையும்

தொலைபேசியால் வந்த செல்வத்தைப் பெல் காதுகேளாதோர் கல்விக்குச் செலவிட்டார். 1880இல் பிரான்சு அரசு வழங்கிய வோல்டா பரிசின் 50,000 பிராங்குத் தொகையைக் கொண்டு ஆய்வகம் நிறுவினார். அதன் வருவாயைச் செவித்திறன் குறைந்தோர் பற்றிய அறிவைப் பரப்பும் அமைப்புக்கு அளித்தார். 1886இல் கண்ணும் காதும் இழந்த ஆறு அகவைச் சிறுமியோடு ஒரு தந்தை அவரை நாடிவந்தார். அச்சிறுமியை மடியில் அமர்த்திய பெல், பெர்கின்ஸ் பள்ளிக்கு எழுதுமாறு வழிகாட்டினார். அவ்வழியே வந்த ஆசிரியர் ஆன் சலிவன். அச்சிறுமி ஹெலன் கெல்லர். பின்னாளில் ஹெலன் தம் தன்வரலாற்று நூலைப் பெல்லுக்கே உரிமையாக்கினார்.

இத்தகையவரின் வாழ்விலும் காலம் ஏற்காத ஒரு கருத்து இருந்தது. காதுகேளாதோர் அனைவரும் வாய்ப்பேச்சையே கற்கவேண்டும், சைகைமொழி அவர்களைப் பிற மக்களிடமிருந்து பிரித்துவிடும் என்று பெல் உறுதியாக நம்பினார். காதுகேளாதோர் தம்முள் மணந்துகொள்வதால் அவர்களின் எண்ணிக்கை பெருகும் என்று அஞ்சி, 1883இல் ஆய்வுரை ஒன்றை அறிஞர் அவையில் அளித்தார். காதுகேளாக் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் செவித்திறன் உடைய பெற்றோருக்கே பிறக்கின்றனர் என்பதால் அவ்வச்சம் பொருந்தாது. சைகைமொழி முழுமையான இலக்கணம் உடைய மொழி என்பதை இருபதாம் நூற்றாண்டின் மொழியியலார் நிறுவினர். பேச்சைமட்டுமே வற்புறுத்திய பள்ளிகளில் தம் கைகளின் மொழியை இழந்த குழந்தைகள் பலர். காதுகேளாதோர் சமூகம் பெல்லை இன்றும் இருவேறு உணர்வுகளோடு நினைப்பதற்குக் காரணம் இதுவே.

தாய்க்காக விரல்களால் பேசிய மகன், பிறர் கைகளால் பேசுவதை ஏன் ஏற்கவில்லை? தம் அன்னையும் மனைவியும் அடைந்த பேச்சுத்திறனை எல்லாரும் அடையலாம் என்று அவர் எண்ணினார். அவ்விருவரும் பேச்சறிந்த பின்னரே செவித்திறனை இழந்தவர்கள். பிறவியிலேயே ஒலியறியாதவரின் நிலை வேறு. ஒருவரின் அன்பு உண்மையாக இருக்கலாம். அன்பு செய்யப்படுவோரின் விருப்பத்தைக் கேளாதபோது அதுவும் சுமையாகிவிடும். அறிஞரின் வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

அழகிய மலை

1885இல் நோவா ஸ்கோசியாவின் பேடெக் ஊரைக் கண்ட பெல் அதன் அழகில் தோய்ந்தார். ஏரியை நோக்கிய மலைநிலத்தை வாங்கி இல்லம் அமைத்து, கேலிக் மொழியில் அழகிய மலை எனப் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார். அங்கு அவருடைய அறிவு ஓயவில்லை. 1881இல் பிறந்த மகன் மூச்சுத்திணறலால் சிலமணி நேரத்தில் இறந்த துயரில், செயற்கையாக மூச்சளிக்கும் கருவி ஒன்றை முன்னரே அவர் வடிவமைத்திருந்தார். ஒளிக்கற்றையில் குரலை அனுப்பும் கருவியை 1880இல் செய்து காட்டினார்; தொலைபேசியைவிட அதனையே தம் சிறந்த கண்டுபிடிப்பாகக் கருதினார். பேடெக்கில் நான்முகி வடிவப் பட்டங்களைப் பறக்கவிட்டார். மேபலின் பொருளுதவியோடு 1907இல் தொடங்கிய வான்பறத்தல் ஆய்வுக்குழு உருவாக்கிய விமானம், 1909 பிப்ரவரி 23ஆம் நாள் பேடெக்கின் உறைந்த ஏரியிலிருந்து எழுந்தது. கனடாவில் பொறியின் ஆற்றலால் பறந்த முதல் விமானம் அது. 1919இல் அவருடைய குழுவின் நீர்விரை ஊர்தி மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தை எட்டி உலக அளவில் முதன்மை பெற்றது.

தாம் சிந்திக்கும் அறையில் தொலைபேசியை வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. உலகின் குரல்களை இணைத்தவருக்கும் தம் உள்ளத்தின் குரலைக் கேட்க அமைதி தேவைப்பட்டது.

1922 ஆகஸ்டு 2ஆம் நாள், தம் எழுபத்தைந்தாம் அகவையில், நீரிழிவு நோயின் விளைவால் பெல் இறுதியை நெருங்கினார். தம்மைப் பிரிந்துசெல்ல வேண்டா என்று மேபல் வேண்டினார். பெல்லுக்குக் குரல் எழவில்லை. மனைவியின் கையில் இருந்த அவருடைய விரல்கள், இல்லை என்னும் பொருள்தரும் சைகையைக் காட்டின என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். பேச்சே உயர்ந்தது என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டவரின் கடைசிச் சொல், கையால் பேசிய சொல்லாக அமைந்தது.

இரண்டு நாள் கழித்து அழகிய மலையில் அவருடைய உடல் அடக்கமானபோது தொலைபேசிகள் ஒரு நிமிடம் ஓய்ந்தன. அந்த நிமிடத்தில், செவியுடையோரும் கேளாதோரும் ஒரே மௌனத்தைப் பகிர்ந்துகொண்டனர்.

தெரிந்து தெளிவோம்

பழைய கனடாத் தொலைபேசிகளை அடையாளம் காணுதல்

பழந்தொலைபேசிகளைத் திரட்டுவோர் கனடாவில் செய்யப்பட்ட கருவிகளைத் தனித்து மதிக்கின்றனர். கருவியின் அடிப்பகுதியிலோ கைப்பிடியின் உட்புறத்திலோ பொறிக்கப்பட்ட பெயரே அவர்களுடைய முதல் சான்று. கனடா பெல் நிறுவனத்தின் கருவித் தயாரிப்புப் பிரிவிலிருந்து 1895இல் நார்தர்ன் எலக்ட்ரிக் அண்டு மேனுபேக்சரிங் என்னும் நிறுவனம் தோன்றியது. 1914இல் மற்றொரு நிறுவனத்தோடு இணைந்தபின் அதன் பெயர் நார்தர்ன் எலக்ட்ரிக் என்று சுருங்கியது. 1976இல் அது நார்தர்ன் டெலிகாம் ஆயிற்று. எனவே, பொறிக்கப்பட்ட பெயரைக்கொண்டே ஒரு கருவி எக்காலத்தது என்று ஓரளவு துணியலாம்.

வடிவமும் காலம் காட்டும். கைப்பிடியைச் சுழற்றி இணைப்பகத்தை அழைக்கும் மரப்பெட்டித் தொலைபேசிகள் முற்காலத்தவை. அழைப்பவரே எண்ணைச் சுழற்றும் வட்டு அதன்பின் பரவியது. டொரண்டோவில் 1924இல் அத்தகைய இணைப்பகம் செயல்படத் தொடங்கியது. 1963இல் அமெரிக்காவில் அறிமுகமான பொத்தான் தொலைபேசியில் முதலில் பத்துப் பொத்தான்களே இருந்தன. உடுக்குறியும் கட்டக்குறியும் பின்னர்ச் சேர்ந்தன. சுழல் வட்டையும் பேசும் பகுதியையும் ஒரே கைப்பிடியில் அமைத்த காண்டெம்ப்ரா என்னும் கருவி, 1960களின் இறுதியில் கனடாவிலேயே வடிவமைக்கப்பட்டது. பெல் குடும்பம் வாழ்ந்த பிராண்ட்ஃபோர்டு இல்லம் இன்று நாட்டின் வரலாற்றுச் சின்னமாகவும் அருங்காட்சியகமாகவும் விளங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய தொலைபேசி இருப்பின், அதில் பொறிக்கப்பட்ட பெயர், ஆண்டு, வடிவம் ஆகியவற்றைக் குறித்து, அதன் காலத்தை ஊகித்து எழுதுக.

2. சைகைமொழியில் உங்கள் பெயரை உணர்த்தக் கற்றுக்கொண்டு, வகுப்பில் செய்து காட்டுக.

3. பிறருக்கு நன்மை செய்ய விழைவோர், அவர்தம் விருப்பத்தை முதலில் கேட்டறிய வேண்டும் என்னும் கருத்தைப் பெல்லின் வாழ்வைக்கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.